ஆடிக்கு வந்த தார்ச்சாலை

எங்கள் உரக்கிடங்குத் தெருவுக்குத் தார்ச்சாலை வந்த கதையைக் கேட்கிறவர்கள் முதலில் கேட்பது, அதை யார் போட்டது என்பதைத்தான். யாரும் போடவில்லை. ஓர் ஆடி மாதத்து விடியலில் அது பொன்வயல் அவென்யூவிலிருந்து கிளம்பி, கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு, தானாக வந்து எங்கள் தெருவில் படுத்துக்கொண்டது. நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களும் வேம்பனூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வரவேண்டுமென்றால் அதன்மேல்தான் நடந்து வரவேண்டும்.

வேம்பனூர் தின்று, குடித்து, கழுவி, கிழித்துப் போடுகிற பால் கவர், எண்ணெய் கவர், பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட், ஜவுளிக்கடைப் பை எல்லாம் எங்கள் தெரு முனையில் இருக்கும் நகராட்சிக் கிடங்கில்தான் வந்து குவியும், நாங்கள் பெண்கள் உட்கார்ந்து அதைத் தரம் பிரித்து, கழுவி, துணி காயப்போடுவதுபோல் கொடியில் காயப்போட்டு, நாகஜோதியின் அரவை மெஷினுக்குக் கொடுப்போம், அவள் அதைக் குருணை மாதிரி துருவி மூட்டை கட்டுவாள், அந்த மூட்டை தார் பிளான்ட்டுக்குப் போய், சூடேறிய ஜல்லிமேல் தூவப்பட்டு, இளகி, ஜல்லிக்குத் தோலாக ஒட்டிக்கொள்ளும், அதற்குமேல் தாரை ஊற்றிக் கிளறினால் மழைக்கும் அசையாது லாரிக்கும் அசையாது என்று நகராட்சி இன்ஜினியர் ரூபன் சார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நல்ல பிள்ளை, மூக்கைப் பொத்தாமல் எங்களோடு நின்று பேசுவார். ஆனால் அந்தச் சாலை எந்தத் தெருவுக்கு என்று கேட்டால் மட்டும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்.

நாங்கள் அந்தக் கேள்வியை ஆசைக்குக் கேட்டதில்லை. அதற்கு முந்தின ஐப்பசியில், அடைமழையில், நாகஜோதிக்குத் தலைப்பிரசவ வலி எடுத்தபோது ஆம்புலன்ஸ் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுவிட்டது. முழங்கால் சேற்றில் வண்டியை விட்டால் வண்டியும் போகும் ஆளும் போவார்கள் என்றார் டிரைவர், அவர் சொன்னதிலும் தப்பில்லை. நாங்கள் அவளைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்துத் தூக்கினோம், ஒருத்தி வழுக்கினால் மற்றவர்கள் நிற்கவேண்டும், நின்றால் கால் புதையும், புதைந்த காலைப் பிடுங்கினால் கட்டில் சாயும், இப்படியே ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இல்லை. நாகஜோதி அடுத்த மாதமே மெஷினுக்கு வந்துவிட்டாள். அந்த மெஷின் சத்தத்துக்குள் உட்கார்ந்து அழுதால் யாருக்கும் கேட்காது என்பது எங்களுக்குத் தெரியும், அதனால் அவளை யாரும் தடுக்கவில்லை.

எங்கள் தெருவுக்குச் சாலை வேண்டும் என்று நகராட்சியில் போய் நின்றோம். உரக்கிடங்கு தெருவே இல்லை, கிடங்கின் ஒரு பகுதி, தெரு இல்லாத இடத்துக்குச் சாலை போட முடியாது என்றார்கள். இத்தனை வருஷம் நாங்கள் இருந்தது எங்கே என்று சீனியம்மா கேட்டாள். சீனியம்மாதான் எங்கள் கூட்டத்துக்குத் தலைவி, நாற்பத்தைந்து வயது, குரல் மட்டும் கிடங்கின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கேட்கும். புருஷன் வீடு என்று ஒன்று அவளுக்கு ஒருகாலத்தில் இருந்தது, அதைப்பற்றி அவள் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

நாங்கள் அரைத்த முதல் மூட்டைகள் பொன்வயல் அவென்யூவுக்குத்தான் போயின. ஊருக்கு மேற்கே வயலை மேடாக்கிக் கட்டிய புது வீடுகள், சுற்றிலும் மதில், வாசலில் பெரிய இரும்பு கேட், கேட்டில் ஒரு வாட்ச்மேன். மூட்டைகளை லாரியில் ஏற்றிய அன்று எங்களுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. பெற்று வளர்த்துப் பெரிய இடத்தில் கட்டிக்கொடுக்கிறோம், சும்மாவா அனுப்புவது என்று ஒருத்தி ஆரம்பித்தாள், ஒருத்தி மூட்டைக்கு மஞ்சள் பூசினாள், ஒருத்தி குங்குமம் வைத்தாள், ஒருத்தி தன் கையிலிருந்த கண்ணாடி வளையலைக் கழற்றி மூட்டைக் கயிற்றில் கோத்தாள், சீனியம்மா ஆரத்தி எடுத்தாள். விளையாட்டுக்குச் செய்ததுதான். ஆனால் லாரி நகர்ந்தபோது எங்களில் பாதிப் பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டோம், அது விளையாட்டில்லை.

தை மாதத்தில் சாலை போட்டார்கள். ஆடி பிறந்தது. கட்டிக்கொடுத்த பெண்ணை முதல் ஆடிக்கு அழைக்காமல் இருக்கிற வீடு உண்டா. தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, ரவிக்கைத் துணி எல்லாம் வைத்து, தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனோம். நாகஜோதியும் வந்தாள். அவள் மறுபடியும் உண்டாகியிருந்தாள், ஐப்பசியில் பிறக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், அந்த மாதத்தின் பெயரை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வாட்ச்மேன் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"குப்பை எடுக்கறவங்க பின்னாடி கேட்டு வழியாத்தான் வரணும். இந்த ரோட்டுல நடக்கக் கூடாதுன்னு சங்கத்துல உத்தரவு."

"இந்த ரோட்டைப் பெத்ததே நாங்கதான்யா" என்றாள் சீனியம்மா.

"பெத்தவங்களா இருந்தாலும் பின்னாடி கேட்டுதான்மா" என்றார் அவர்.

சீனியம்மா சண்டை போடவில்லை. தட்டைக் கேட்டுக்குக் கீழே, தார் தொடங்குகிற இடத்தில் வைத்தாள், குனிந்து தாரை ஒரு தரம் தடவிக்கொடுத்தாள். "ஆத்தா வீட்டுல இருந்து வந்தோம். வாசல்லயே நிறுத்திட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு எல்லோரும் வீட்டுக்கு வந்து நல்ல சேலையை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனோம்.

மறுநாள் விடிந்தபோது சாலை எங்கள் தெருவில் கிடந்தது. பஸ் ஸ்டாப்பில் தொடங்கி, கிடங்கைத் தாண்டி, வேப்பமரத்தடியில் வளைந்து, நாகஜோதி வீட்டு வாசல்படியில் தலை வைத்துப் படுத்திருந்தது, நடுவில் வெள்ளைக்கோடு, இரண்டு வேகத்தடை, அவென்யூ பிள்ளைகள் சாக்பீஸில் போட்ட பாண்டிக் கட்டம், எவருடைய காரோ சொட்டிய எண்ணெய்க் கறை எல்லாவற்றோடும். ஓரத்தில் எங்கள் தேங்காய்த் தட்டும் இருந்தது. பழத்தில் மட்டும் ஒன்று குறைந்திருந்தது, அதை வாட்ச்மேன் தின்றிருப்பார் என்றாள் ஒருத்தி, பொண்ணு தின்றிருப்பாள் என்றாள் இன்னொருத்தி.

வந்தவளை வரவேற்காமல் இருக்க முடியுமா, வாசல் தெளித்தோம், அவள் மேலேயே கோலம் போட்டோம். ஆடுகள் காலைச் சூட்டுக்கு வந்து படுத்தன. பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் அன்று ஏறி மிதித்துக்கொண்டே வந்து, பாலை ஊற்றிவிட்டு, "எப்ப வந்தா?" என்று கேட்டார், "விடியக்காலைல" என்றோம், "இருக்கட்டும், ஆடி முடியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மினிபஸ் கண்டக்டர் "உரக்கிடங்கு புது ரோடு இறங்கு" என்று கூவத் தொடங்கினார். ஊரில் ஒருவரும் இது எப்படி நடக்கும் என்று கேட்கவில்லை, கேட்கவேண்டியது என்ன இருக்கிறது, ஆடிக்குப் பெண் தாய்வீடு வருவது ஊர் வழக்கம், தாய்வீட்டாரை வாசலில் நிறுத்தினால் பெண் சொல்லாமல் கிளம்பி வருவதும் ஊர் வழக்கம்தான். அவென்யூவில் மட்டும் கார்கள் செம்மண்ணில் நின்றன. அவர்கள்கூட வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, ஆடி கழியட்டும் என்று ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

ஆவணி பிறந்த முதல் முகூர்த்த நாளில் ரூபன் சார் வந்தார்.

"சீனியம்மாக்கா, ஆடி முடிஞ்சிருச்சு. முறைப்படி அனுப்பி வச்சிருங்க. மேல இருந்து என்னைப் பிடுங்கி எடுக்கறாங்க."

"முறைப்படின்னா அவங்க வந்து அழைக்கணும் தம்பி. வாசல்ல நிறுத்துன ஜனம் நம்ம வாசலுக்கு வரட்டும். எங்க வீட்டுல உக்காந்து கை நனைக்கட்டும். அன்னைக்கே கூட்டிட்டுப் போகட்டும். இது என் வாக்கு."

"ஒரு சாப்பாடுதானே" என்று ரூபன் சார் நிம்மதியாகச் சிரித்தார். பாவம், சின்ன வயது.

அவர் போனபிறகு நாகஜோதி சீனியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழாம் மாதம் அவளுக்கு. "யக்கா, சாப்பிட்டுட்டாங்கன்னா? ஐப்பசிக்குள்ள ரோடு போயிருச்சுன்னா நான் மறுபடியும் கட்டில்லதான்."

"சாப்பிட மாட்டாங்கடி" என்றாள் சீனியம்மா. "அவங்களை எனக்குத் தெரியும்."

அவென்யூவிலிருந்து சீர்த்தட்டோடு ஒரு கூட்டமே வந்தது, முன்னால் சங்கத்துச் செயலாளர் தனுஷ்கோடி, கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்றவர், வெள்ளைச் சட்டை, பைக்குள் பேனா. நாங்கள் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தோம், பொன்னியரிசிச் சோறு, ரசம், அப்பளம், பாயசம், வாழையிலை, எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. கிடங்குக் காற்று அன்றைக்குக் கிழக்கே அடித்தது, அதுகூட எங்களுக்கு ஒத்தாசை. இலை முன்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒருவருக்கு அன்று பார்த்துச் சஷ்டி விரதம். ஒருவருக்குச் சர்க்கரை. ஒரு அம்மாவுக்கு வெளியில் எங்கேயுமே சாப்பிட்டுப் பழக்கமில்லை. இன்னொருவர் இப்போதுதான் டிபன் சாப்பிட்டாராம், மணி ஒன்றரை. தனுஷ்கோடி சோற்றில் கைவைத்தார், பிசையக்கூடப் பிசைந்தார், நாகஜோதி கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவர் கை பாதி தூரம் வந்து நின்றது, ஒரு ஈயைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார், பிறகு கையை இலையிலேயே உதறிவிட்டு, பையிலிருந்து தான் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து கழுவிக்கொண்டார்.

"வயித்துக்குக் கொஞ்சம் சரியில்ல" என்றார்.

"தெரியுது" என்றாள் சீனியம்மா.

அந்தச் சோற்றை அன்று நாங்கள் சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான குழம்பை அதற்கு முன்னாலும் பின்னாலும் நாங்கள் வைத்ததில்லை, ஆனால் சாப்பிட்டது வெட்கத்தோடா கோபத்தோடா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிரிக்கிற வேலையே எங்கள் வேலை என்றாலும் அதைப் பிரிக்க முடியவில்லை.

புரட்டாசியில் ஜேசிபி வந்தது. சாலையை வெட்டி, பாளம் பாளமாக லாரியில் அள்ளி, அவென்யூவில் கொண்டுபோய்க் கொட்டி, ரோலர் விட்டு அழுத்தினார்கள். லாரி திரும்பி வருவதற்குள் பாளங்கள் எங்கள் தெருவுக்கு வந்து, விட்ட இடத்திலேயே, வெள்ளைக்கோடு கோணாமல் ஒட்டிக்கொண்டன. மறுபடி அள்ளினார்கள். மறுபடி வந்தது. ஜேசிபி டிரைவர் எங்களிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "பிறந்த வீட்டுக்கு ஓடி வர்றவளை இழுத்துட்டுப் போற வேலையெல்லாம் எனக்கு வேணாம்மா, பாவம் பிடிக்கும்" என்று சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு வேம்பனூரில் எந்த டிரைவரும் அந்த வேலைக்கு வரவில்லை.

ஐப்பசி வந்தது, மழையும் வந்தது. நிறுத்தாமல் பெய்த ஒரு நண்பகலில், முழங்கால் வரை செம்மண் அப்பிய வேட்டியோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தனுஷ்கோடி தனியாக வந்து சீனியம்மா வீட்டு வாசலில் நின்றார். சட்டைப்பையில் பேனா இல்லை.

"என் வீட்டுக்காரி சேத்துல வழுக்கி விழுந்துட்டா. இடுப்பு எலும்பு போச்சு. ஆம்புலன்ஸ் உள்ள வர முடியல. நாற்காலியில வச்சுத் தூக்கிட்டுப் போனோம்."

"நாங்க கட்டில்ல" என்றாள் சீனியம்மா.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாளைக்கு அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். சோறு இருந்தா போடும்மா. சாப்பிட வந்திருக்கேன்."

அன்றைக்கென்று எங்கள் வீட்டில் விருந்தும் இல்லை ஒன்றும் இல்லை, பழைய சோற்றோடு கருவாட்டுக் குழம்புதான் இருந்தது. வாக்கு வாக்குதான். சீனியம்மா இலையைப் போட்டாள். அவர் முதல் கவளத்தை உருட்டியபோது அடுத்த வீட்டிலிருந்து நாகஜோதியின் அலறல் கேட்டது, வலி எடுத்துவிட்டது, நாங்கள் போனைப் போட்டோம், ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்றார்கள். சாப்பிடுகிறவர் முன்னாலிருந்து இலையை இழுக்கிற பாவத்தை எங்கள் தெருவில் யாரும் செய்ததில்லை. அவர் சாப்பிட்டார். பொய்யாகச் சாப்பிடவில்லை, பசியோடு சாப்பிட்டார், குழம்பை வழித்தார், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார், கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, அது காரத்துக்கு மட்டும் இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. அவரை வெறுக்க வேண்டும் என்று நின்றவர்களால் அந்த நேரத்தில் வெறுக்க முடியவில்லை, அதுதான் எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவர் கையைக் கழுவினார். வெளியே, பஸ் ஸ்டாப் முனையில், சாலையின் ஓரம் பாயைச் சுருட்டும்போது எழும்புவதுபோல் மெல்ல எழும்பியது. அதே முனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. சாலை சுருண்டுகொண்டே வந்தது, அதற்கு அடியிலிருந்து எங்கள் பழைய சேறு பளபளத்துக்கொண்டு வெளியே வந்தது, ஆம்புலன்ஸ் சேற்றுக்கு வெளியே நின்று ஹாரன் அடித்தது.

சீனியம்மா மழையில் இறங்கினாள். கொண்டை அவிழ்ந்து தொங்க, சுருண்டு வரும் சாலைக்கு எதிரே நடந்துபோய், அதன் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அவள் குரல் அன்று கிடங்கின் இரண்டு கோடிக்கும் கேட்டது.

"ஏ புள்ளே. நில்லு. உன்னை அங்க அனுப்பும்போது யாரும் உன்கிட்ட கேக்கல. போக இஷ்டமான்னு இப்பவும் யாரும் கேக்கல, நானும் கேக்கல. என்னையும் கேக்கலடி. மூணு ஆடிக்கு எங்க ஆத்தா வீட்டுக்கு வந்தேன். முதுகுல தழும்போட வந்தேன். எங்க ஆத்தா எண்ணெய் தேய்ச்சு விட்டா, தழும்பைப் பார்த்தா, அழுதா, ஆவணி பிறந்ததும் பூ வச்சு அனுப்பி வச்சா. முறைன்னா. நாலாவது ஆடிக்கு நான் அவ வீட்டுக்குப் போகல, இந்தக் குப்பை மேட்டுக்கு வந்துட்டேன். இந்தா பாரு, நான் குடுத்த வாக்கு இந்த மழையில கரைஞ்சு போகட்டும், என்னைப் பொய்க்காரின்னு ஊரே சொல்லட்டும். உனக்குப் போகணும்னா போ. இருக்கணும்னா இரு. அனுப்பறதுக்கு நான் எங்க ஆத்தா இல்ல."

சாலை நின்றது. மழை மட்டும் பெய்தது. பிறகு சுருண்டிருந்த தார், ஒரு பெருமூச்சு விட்டதுபோல் தளர்ந்து, சேற்றின்மேல் விரிந்து, பஸ் ஸ்டாப் வரை நீண்டு, வேகத்தடை இரண்டையும்கூட உள்ளுக்குள் இழுத்துக்கொண்டு வழவழவென்று படுத்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் நாகஜோதியின் வாசல்படிக்கே வந்தது. அவளை நாங்கள் தூக்கவில்லை, அவளே இரண்டு எட்டு நடந்து ஏறினாள், ஏறும்போது குனிந்து தாரை ஒரு கை தொட்டாள். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது, அழுத அழுகை பிரசவ வார்டு முழுவதும் கேட்டதாக நர்ஸம்மா சொன்னார்.

தனுஷ்கோடி ஆம்புலன்ஸ் போவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார். "நான் சாப்பிட்டேனேம்மா" என்றார் மெதுவாக.

"சாப்பிட்டீங்க. வயிறு நிறைஞ்சுதா?"

"நிறைஞ்சுது."

"அதுக்குத்தான் ஐயா சோறு போடறது" என்றாள் சீனியம்மா, சேலையைப் பிழிந்துகொண்டே. "உங்களுக்கு வேற ரோட்டுக்கு நாங்க மூட்டை கட்டித் தர்றோம். முதல்ல அந்தக் கேட்டைத் திறந்து வைங்க."

அவர் போனார். அவரோடு நான்கு பேர் சண்டைக்கு நின்றதாகவும், சங்கத்தைவிட்டு விலகுவேன் என்று அவர் சத்தம் போட்டதாகவும் வாட்ச்மேனே வந்து சொன்னார். அடுத்த வாரம் கேட்டைத் திறந்தார்கள். நன்றாகத் திறந்துதான் இருக்கிறதா என்று நாங்கள் போய் அந்த வழியாக நடந்து பார்த்துவிட்டு வந்தோம், பின்னாடி கேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் நாகஜோதி, குழந்தையை வேப்பமரத்துத் தூளியில் போட்டுவிட்டு, மெஷினை ஓட்டினாள்.

புது மூட்டைகளை லாரியில் ஏற்றிய அன்று மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை, வளையல் இல்லை. ரூபன் சார் அதைக் கவனித்தார். சீனியம்மா மட்டும் லாரிமேல் ஏறி, மூட்டைகளின்மேல் கை வைத்து, அவருக்கும் டிரைவருக்கும் எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"பிடிச்சிருந்தா இரு. பிடிக்கலைன்னா அன்னைக்கே கிளம்பி வந்துரு. ஆடி வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்காத."